தெற்குப் பார்த்த தட்டு

மனோகரி பயணப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்து ஜிப்பைத் திறந்தாள். ஒன்றையும் உள்ளே வைக்கவில்லை. திறந்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

"நாளைக்கு நாலு மணிக்கும் நெட் வரேல்லையெண்டா நான் லோசானுக்குப் போறன். டிலக்ஷியிட்டச் சொல்லிப்போட்டன்."

டிலக்ஷி எங்கள் மகள். லோசானில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள்.

"எப்ப சொன்னனீர்? இஞ்ச ஃபோன் வேலை செய்யாதே."

"காலமை பஸ் நிக்கிற இடத்துக்கு நடந்து போனனான். அங்க ரெண்டு கோடு காட்டுது."

நான் அந்த நேரம் கூரையில் நின்றிருப்பேன். அவள் போனதையும் நான் காணவில்லை, வந்ததையும் காணவில்லை. நாங்கள் இருப்பது ஒரு பழைய வோன்மொபிலில். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வான். பெரிய வான் என்றாலும் ஆள் நடக்க நாலைந்து அடிதான் இருக்கும். அதற்குள் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் மலைப்பாதையில் நடந்து போய் வந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"நாளைக்கு வரும்" என்றேன்.

"நேற்றும் இதைத்தான் சொன்னியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

இந்த வண்டி என்னோடு வில் நகரத்துப் பேக்கரியில் வேலை செய்த ஒரு சுவிஸ்காரனுடையது. அவனுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் முதுகுக்குக் கீழே நாரி பழுதாகி வேலையை விட்ட நேரம். மனோகரியும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருந்து நின்றுவிட்டாள். வண்டியை வாங்குவோமா என்று கேட்டேன். குளிர் வரும்வரைக்கும் மலைப்பக்கம், பிறகு தெற்கே தெசின், பிறகு இத்தாலிக் கரையோரம், இப்படியே போவோம் என்றேன். அவள் கனநேரம் யோசித்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். நெட் இருக்கவேண்டும்.

ஏன் என்று நான் கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவளுடைய சகோதரங்கள் எல்லோரும் ஃபோனில் ஒன்றாக வருவார்கள். மூத்தவர் கனடாவில் காலைத் தேத்தண்ணியோடு வருவார். ஒரு தங்கச்சி இலண்டனில் இருந்து, மற்றவள் பாரிசில் கடையில் நின்றுகொண்டு. நடு அக்கா ஊரில் விளக்கு வைத்துவிட்டு வந்து குந்துவா. ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலமும் மனோகரி சிரிப்பாள். வில் வீட்டில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கதைப்பாள். நான் குசினி அடுப்போரம் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். என்ன பகிடி என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வெளியில் வரும்போது முகம் பழையபடி ஆகிவிடும்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்க நேரம் இருந்ததில்லை. நான் இரவு பேக்கரிக்குப் போய்க் காலையில் வருவேன். நான் பஸ்ஸில் இருந்து இறங்க அவள் அதே பஸ்ஸில் ஏறுவாள். டிலக்ஷியை வில் ஸ்டேசன் வாசலில் என் கையில் தந்துவிட்டுப் போவாள். பின்னேரம் வந்து சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஒரு கொம்பனிக் கந்தோரைத் துப்பரவு செய்யப் போய்விடுவாள். அவள் திரும்பி வர நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். ஒரே கட்டிலில் ஆள் மாறி ஆள் படுத்தோம். பிள்ளையை வெளியில் ஒருவரிடமும் விடாமல் வளர்த்தோம் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பெருமை. எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். இப்போது வேலை இல்லை, பிள்ளை இல்லை, ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் படுக்கிறோம். அதுதான் பழக்கமில்லை.

இனியாவது சேர்ந்து இருப்போம் என்றுதான் வண்டி எடுத்தேன். அவள் லோசானுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மகள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது.

ஆகவே, நெட் வரவேண்டும்.

வானத்தில் இருந்து நெட் எடுக்கிற தட்டை வில்லிலேயே வாங்கிவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவருகிற தட்டம் மாதிரிச் சதுரமாக, வெள்ளையாக இருக்கும். வீட்டு முற்றத்துப் புல்லில் சும்மா படுக்க வைத்துப் பார்த்தபோது உடனே வேலை செய்தது. மனோகரி கூட ஒருமுறை புருவத்தைத் தூக்கினாள். பிறகுதான் நான் அதை வண்டிக் கூரையில் பொருத்தினேன். அதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் எனக்கு இந்த வேலை தெரியும்.

இருபது வருடத்துக்கு முதல் சனிக்கிழமைகளில் நானும் தம்பித்துரை அண்ணையும் சுவிஸ் முழுக்கத் தமிழ் டிவிக்கு டிஷ் பூட்டித் திரிந்தோம். அவர் பூம்ப்ளிஸில் இருந்து ஏணியோடு வருவார். நான் துளை போடுகிற மெசினோடு போவேன். ஒரு தெருவில் எது தமிழ் வீடு என்று கேட்கத் தேவையில்லை, பல்கனியைப் பார்த்தால் போதும். வீட்டுக்காரன் ஓட்டை போடக்கூடாது என்பான். பல்கனிக் கம்பியில் கட்டுவோம். அதற்கும் விடாவிட்டால் பூச்சாடியில் சீமெந்து போட்டு நட்டுவிடுவோம். எந்த ஊர் என்றாலும், எத்தனையாம் மாடி என்றாலும், தட்டு பார்ப்பது ஒரே பக்கம். தெற்கு. தெற்கில் மரமோ மாடியோ மறைத்தால் அந்த வீட்டுக்குத் தமிழ் டிவி இல்லை. தெற்கு மறைக்கிற வீடு என்று தெரிந்து வீடே மாறிய சனம் இருக்கிறது.

அந்தப் பழக்கத்தில், பழைய டிஷ் பூட்டுகிற சரிவு இரும்பு ஒன்றை எடுத்துக் கூரையில் பின்பக்கம் பார்க்க வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். அந்தப் பசை காய்ந்தால் பிறகு கூரையோடுதான் வரும். கேபிளை சோலார் வயர் இறங்குகிற ஓட்டைக்குள்ளால் இறக்கினேன். தட்டோடு வந்த நெட் பெட்டியைச் சீட்டுக்குக் கீழே வைத்தேன். இனி எங்கே நின்றாலும் வண்டியின் பின்பக்கத்தைத் தெற்குக்கு விட்டால் சரி. பசை காய்ந்த அன்றே வெளிக்கிட்டுவிட்டோம்.

இலான்ஸ் ஊருக்கு மேலே இந்த இடத்தில் வந்து நின்றதும் அதற்காகத்தான். மலைச்சரிவில் சின்னதொரு காம்பிங். ஐப்பசி மாதம் என்றபடியால் எங்களையும் பாசல் நகர இலக்கத்தகடு போட்ட இன்னொரு வண்டியையும் தவிர ஒருவரும் இல்லை. அதன் மேல் பகுதியில் காட்டோரமாக ஓர் இடம், முன்னால் ஊசியிலை மரங்கள், பின்னால் தெற்கு முழுக்கத் திறந்த வெளி. நான் மூக்கைக் காட்டுக்குள் விட்டு வண்டியை நிறுத்தினேன். தம்பித்துரை அண்ணை பார்த்தால் கை தந்திருப்பார்.

நெட் வந்தது. ஒரு நிமிடம் நின்றது. போனது. திரும்ப வந்தது, போனது. முதல் நாள் நாலு மணிக்கு மனோகரியின் அண்ணன் வாயைத் திறந்தபடி படமாக நின்றுவிட்டார். ஊரில் இருந்து அக்கா "மனோ, மனோ" என்று கூப்பிட்டது மட்டும் கேட்டது. இரண்டாம் நாள் அதுவும் இல்லை. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்தாள்.

தட்டோடு வந்த ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் காட்டும். வட்டத்தில் பாதி சிவப்பு. தட்டை வடக்கே திருப்பு என்று ஓர் அம்புக்குறி வேறு. தகரக் கூரையில் நிற்பதால் ஃபோனின் திசைகாட்டி குழம்பிவிட்டது என்று நினைத்தேன். கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். பெட்டியை இடம் மாற்றினேன். சரிவு இரும்பின் ஆணியை இளக்கித் தட்டை இன்னும் கொஞ்சம் தெற்கே சாய்த்தேன். இருந்த சிக்னலும் போனது.

மனோகரி பையைத் திறந்து வைத்த அன்று பின்னேரம் நானும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். ஏற்றம். இரண்டு இடத்தில் நின்று நாரியைப் பிடித்துக்கொண்டேன். தம்பித்துரை அண்ணைக்கு ஃபோன் அடித்தேன்.

"ஆர் தயாவே? உயிரோட இருக்கிறியே? மனிசியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுத்திறாயாம் எண்டு இஞ்ச ஒரே கதை."

"அண்ணை, தட்டு ஒண்டு பூட்டினனான். சிக்னல் நிக்குதில்லை."

"எந்தப் பக்கம் பாத்து வைச்சனி?"

"தெற்கு."

"பிறகென்ன?"

"ஆப் வடக்கெண்டு காட்டுது."

"ஆப்போ? நீ எத்தினை வீட்டுக்குப் பூட்டினனி, அந்த ஆப் எத்தினை வீட்டுக்குப் பூட்டினது? வடக்கில என்னடா இருக்கு? பனிக்கரடி இருக்கு. கரடியே உனக்கு நெட் தரப்போகுது?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

"கேபிளைப் பார். எப்பவும் கேபிள்தான். சூரிச்சில அந்த வாத்தியார் வீட்டில என்ன நடந்தது? எலி."

"இது புதுக் கேபிள் அண்ணை."

"புது எலியும் இருக்குந்தானே." அவரே சிரித்தார். பிறகு, "மனிசி என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

"போகப்போறாவாம். மகளிட்ட."

அவருக்குப் பின்னால் டிவிச் சத்தம் கேட்டது.

"அப்ப இன்னும் கொஞ்சம் தெற்கால சாய்ச்சுப் பார்" என்றார்.

அடுத்த நாள் விடிய மழை தூறியது. நான் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனேன். தட்டைத் துடைத்தேன், ஆணியை இளக்கினேன், இறுக்கினேன். மழைச் சட்டைக்குள் தண்ணீர் முதுகோடு இறங்கியது. ஆப்பில் இன்னும் அதே சிவப்பு. கீழே மனோகரி அடுப்பில் ஏதோ கிண்டுகிற சத்தம் கூரை யன்னலுக்குள்ளால் வந்தது. நான் இறங்கவில்லை. இறங்கினால் என்ன செய்வது, எங்கே இருப்பது, என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கூரையில் நின்றால் ஏதோ செய்கிறேன் என்றாவது இருந்தது.

மத்தியானத்துக்குக் கிட்ட அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியில் வந்தாள். தலையில் ஒரு துவாயைப் போட்டிருந்தாள்.

"இறங்குங்கோ."

"கொஞ்சம் பொறும். இந்த ஆணி ஒண்டு..."

"ஆணி கிடக்கட்டும். இறங்குங்கோப்பா. வழுக்கி விழுந்தா உங்களைத் தூக்க எனக்கு ஏலாது."

இறங்கினேன். அவள் கையை நீட்டிச் சரிவின் கீழ்ப் பகுதியைக் காட்டினாள். ஆற்றோரப் புல்வெளியில் பாசல்காரரின் வண்டி நின்றது. அவர் மழைக்குள்ளும் கூடாரத் துணிக்குக் கீழே கதிரை போட்டுப் படுத்தபடி தன் டப்லெட்டில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவற்ற தட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். எங்களுடைய அதே வெள்ளைத் தட்டு. கூரையில் சின்னச் சரிவாக இருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தது. அதாவது மலையை, காட்டை, வடக்கை.

"அவர் பிழையாப் பூட்டியிருக்கிறார்" என்றேன். சொல்லும்போதே அங்கே ஆரோ கோல் அடித்தார்கள். பாசல்காரர் கையைத் தூக்கினார்.

மனோகரி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் நடந்து போய் அவரிடம் கேட்டேன். அவர் எழும்பாமலே சொன்னார். பழைய டிவி செய்மதி வானத்தில் ஓர் இடத்திலேயே நிற்கிறதாம், அது பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே என்றபடியால் எங்களுக்குத் தெற்கு. நெட் செய்மதி அப்படி இல்லையாம். ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். இங்கே இருந்து பார்க்க வடக்குப் பக்கம்தான் கனக்கவாம். வானம் திறந்து இருக்கவேண்டும், மரத்தோரம் கூடாது. "ஆப்பில் எழுதியிருக்குமே" என்றார்.

ஓம், எழுதியிருந்தது என்றேன்.

திரும்பி வந்து வண்டிப் படியில் இருந்தேன். பசை போட்டு ஒட்டிய இரும்பை இனிக் கழற்ற முடியாது. கழற்றினால் கூரை கிழியும், மழை உள்ளே வரும். மனோகரியிடம் அதைச் சொன்னேன். கையாலாகாத குரலில் சொல்லியிருப்பேன். அவள் துவாயைப் பிழிந்து கதவில் போட்டாள்.

"தட்டைத் திருப்ப ஏலாதெண்டா வண்டியைத் திருப்புங்கோவன்."

எனக்கு அந்த யோசனை வரவே இல்லை. இத்தனைக்கும் பின்பக்கத்தைத் தெற்குக்கு விடு என்று வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தினவன் நான்தான்.

காம்பிங்காரர் காடுஃப் என்று ஒரு வயதான மனிதர். கீழ்ப் பகுதிக்கு மாறலாமா என்று கேட்டதற்கு, எங்கே என்றாலும் நில்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காம்பிங்கைப் பூட்டப்போகிறேன், அதுவரைக்கும்தான் என்றார். இறங்குகிற பாதை ஒடுக்கம். மனோகரி முன்னுக்கு நடந்து கை காட்டினாள்.

"வாங்கோ, வாங்கோ... நில்லுங்கோ. நில்லுங்கோ எண்டுறன்! மரம் தெரியேல்லையோ?"

"தெரியுது."

"தெரிஞ்சுகொண்டோ வாறியள்? சரி, ஸ்டியரிங்கை ஒடியுங்கோ. மற்றப் பக்கம். ஐயோ, மற்றப் பக்கம் எண்டா மற்றப் பக்கமப்பா!"

"எந்த மற்றப் பக்கம்?"

"எனக்குச் சோத்துக்கைப் பக்கம்!"

"நீர் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர், உமக்குச் சோத்துக்கை எண்டா எனக்கு எது?"

பாசல்காரர் டப்லெட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். கடைசியில் புல்லில் இரண்டு கோடு விழ, வண்டியின் மூக்கு பள்ளத்தாக்கைப் பார்க்க, முதுகு மலையைப் பார்க்க நின்றது. இங்கே காடு தூரத்தில் இருந்தது. மேலே வானம் அகலமாக இருந்தது. நான் என்ஜினை நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.

அதிகமாகச் சாய்த்து வைத்த தட்டைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டியிருந்தது. திரும்பவும் ஏறினேன். மழை விட்டிருந்தது. ஆணியை இறுக்கிவிட்டு ஃபோனைப் பார்த்தேன். சிவப்பு ஒரு மூலையில் நகக்கண் அளவு. மிச்சம் எல்லாம் நீலம்.

"ஒருக்கா எடுத்துப் பாரும்" என்று கூரை யன்னலுக்குள்ளால் கீழே சொன்னேன்.

"ஆருக்கு எடுக்கிறது? நாலு மணி ஆகேல்லையே."

"எனக்கு எடும்."

ஃபோன் அடித்தது. திரையில் அவளுடைய பெயர் வந்தது. இந்த வண்டியில் ஏறிய நாள் தொடக்கம் அந்தப் பெயர் என் ஃபோனில் வரவில்லை. தேவை இருக்கவில்லை.

"கேக்குதோ?" என்றாள். முதலில் கூரை யன்னலுக்குள்ளால் கேட்டது. கொஞ்சம் பிந்தி ஃபோனில் கேட்டது.

"கேக்குது."

"வெட்டுதோ?"

"இல்லை. வடிவாக் கேக்குது."

"எங்க நிக்கிறியள்?"

"கூரையில. உமக்கு மேல."

அவள் மெல்லச் சிரித்தாள். "சப்பாத்துக் கால் தெரியுது. ஒரு சப்பாத்தின்ர அடி பிஞ்சு கிடக்கு. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

எப்போது சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். கந்தோர் துப்பரவுக்குப் போன காலத்தில், வாசலில் பஸ்ஸால் இறங்கி, வாளியைத் தூக்கமுன்னம் எனக்கு ஒரு கோல் எடுப்பாள். நான் வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு இருப்பேன். முதியோர் இல்லத்தில் எந்தக் கிழவன் எந்தக் கிழவிக்குப் புடிங் கொடுத்தான், சமையல்காரன் என்ன திட்டினான், டிலக்ஷியின் டீச்சர் என்ன சொன்னா, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கொட்டுவாள். நானும் சொல்லுவேன். அப்போது எனக்குக் கதை வரும். இருபது வருடமாக நாங்கள் குடும்பம் நடத்தியது அந்த ஐந்து நிமிடத்தில்தான் என்று எனக்குக் கூரையில் நிற்கும்போதுதான் பட்டது.

"இஞ்சருங்கோ" என்றாள்.

"சொல்லும்."

"அவற்ற தட்டு மற்றப் பக்கம் பாக்குதெண்டு நான் வந்த அண்டைக்கே கண்டனான்."

நான் கீழே பார்க்கவில்லை. யன்னலுக்குள்ளால் பார்த்தால் அவளுடைய தலை உச்சி தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"முதல்ல, எனக்கென்ன தெரியும், உங்களுக்குத்தானே தெரியும் எண்டு விட்டன். பிறகு..." குரல் கீழேயும் ஃபோனிலும் நின்றது. "பிறகு நெட் வராட்டில் நல்லது எண்டு நினைச்சன். போறதுக்கு ஒரு காரணம் இருக்குமெல்லோ. சும்மா போறன் எண்டா உங்களுக்கு என்ன சொல்லுறது?"

"அப்ப இண்டைக்கு ஏன் சொன்னீர்?"

"மழைக்க நிண்டு ஆணி பூட்டிறியள். பாக்க ஏலாமல் போச்சு."

பாசல்காரர் தன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஆற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

"இப்ப நெட் வந்திட்டுது" என்றேன்.

"ஓம்."

"அப்ப காரணம் இல்லை."

"இல்லை." கொஞ்சம் பொறுத்து, "எண்டாலும் போகப்போறன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கேட்கிற குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்களில ஒரு பிழையும் இல்லையப்பா. எனக்கு உள்ளுக்க மூச்சு முட்டுது. காலமை எழும்பினா நீங்கள். திரும்பினா நீங்கள். தேத்தண்ணி ஊத்தினா முழங்கை இடிக்குது. நான் என்னத்தைக் கதைக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சுக் களைச்சுப்போனன். நீங்களும் அப்பிடித்தானே? உண்மையைச் சொல்லுங்கோ. கூரையில ஏறி நிக்கிறது ஏன்?"

"ஆணி..."

"உந்த ஆணிக் கதையை விடுங்கோ."

நான் விட்டேன். "ஓம்" என்றேன். "எனக்கும் கதை வருகுதில்லை."

"இப்ப வருகுது."

"ஓம். இப்ப வருகுது."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவளுடைய மூச்சு கீழே இருந்தும் ஃபோனில் இருந்தும் கேட்டது. இறங்கி உள்ளே போவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் ஃபோனை வைக்கவேண்டும்.

"நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள் போங்கோ. தெசினுக்குப் போங்கோ, இத்தாலிக்குப் போங்கோ. ஆசைப்பட்டு எடுத்த வண்டி. படம் எடுத்து அனுப்புங்கோ. நான் பின்னேரத்தில எடுக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"பாப்பம். சரி, வைக்கிறன். அண்ணை வந்திட்டார்."

கீழே உடனே ஒரே சத்தமாகிவிட்டது. கனடா அண்ணனின் இருமல், பாரிஸ் தங்கச்சியின் கடைக்குள் ஆரோ கோழி கேட்கிற சத்தம், ஊரில் ஒரு நாய். எல்லாம் வெட்டாமல் தெளிவாகக் கேட்டது.

"மூண்டு நாளா எங்க செத்துப்போனனி?" என்று ஊரில் இருந்த அக்கா கேட்டா.

"நெட் இல்லையக்கா. இப்பதான் இவர் சரிக்கட்டினவர்."

"எங்க அத்தான்?" என்றாள் இலண்டன் தங்கச்சி.

"கூரையில நிக்கிறார்."

"கூரையிலயோ! ஏத்தி விட்டிட்டு ஏணியை எடுத்துப்போட்டியே?"

எல்லோரும் சிரித்தார்கள். மனோகரியும் சிரித்தாள். முதல் தரம் அவளுடைய சிரிப்பை நான் மேலே இருந்து, கதவு இல்லாமல் கேட்டேன். இறங்கவில்லை. ஈரத் தகரத்தில் மழைச் சட்டையை விரித்து இருந்தேன்.

காலையில் அவளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். பையை நான்தான் தூக்கினேன். ஏற்றத்தில் அவள் இரண்டு தரம் நின்றாள், எனக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை. மஞ்சள் பஸ் வந்தது. "சாமானை எல்லாம் அந்தந்த இடத்தில வைச்சிருக்கிறன், கலைக்காதேங்கோ" என்றாள். ஏறி யன்னலோரமாக இருந்தாள். நான் கை காட்டினேன். அவளும் காட்டினாள். வில் ஸ்டேசனில் கனதரம் செய்த வேலை என்றபடியால் இரண்டு பேருக்கும் பிசகில்லாமல் வந்தது.

வண்டிக்குத் திரும்பி வந்தபோது உள்ளே இடம் நிறைய இருந்தது. கையை விரித்தேன், ஒன்றிலும் இடிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன். பழக்கத்தில் இரண்டு கப் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் ஒன்றுதான் எடுத்தேன். எப்போதும் என் தேத்தண்ணியை நான்தான் ஊற்றிக் குடிப்பேன்.

அன்று நான் தெசினுக்கு வெளிக்கிட்டிருக்கவேண்டும். வெளிக்கிடவில்லை. அடுத்த நாளும் வெளிக்கிடவில்லை. தெசினில் நிற்கப்போகிற இடத்தில் மரம் இருக்குமோ மலை மறைக்குமோ தெரியாது. இங்கே நெட் நிற்கிறது. பாசல்காரரும் வெளிக்கிட்டுப் போய்விட்டார். நான் புல்லில் கதிரை போட்டு, ஃபோனை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தேன். நாலு மணி ஆனது. அது அவளுடைய சகோதரங்களின் நேரம். ஐந்து மணி ஆனது. முதல் நாள் அவள் எடுக்கவில்லை. மகள் வீட்டில் வேலை இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஐந்தரைக்கு அடித்தது.

"என்ன, தெசின் வந்திட்டுதோ?"

"இல்லை. இஞ்சதான்."

"எங்க இஞ்ச?"

"நீர் விட்டிட்டுப் போன இடத்தில."

"என்ன விசரப்பா உங்களுக்கு? ஏன் வெளிக்கிடேல்லை? வண்டியில ஏதும் பழுதோ?"

"பழுதில்லை. இஞ்ச சிக்னல் நல்லா நிக்குது."

அவளுக்குப் பின்னால் லோசான் தெருவில் ஒரு பஸ் மூச்சு விட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வெளியில் நின்றுதான் கதைக்கிறாள்.

"அந்தக் கிழவன் ஞாயிற்றுக்கிழமை பூட்டிறன் எண்டவரெல்லோ?"

"ஓம். நேற்றும் வந்து சொன்னவர்."

"அப்ப வெள்ளன வெளிக்கிடுங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு பாதையில சனம். போய் நிக்கிற இடத்தில மரமில்லாத பக்கமாப் பாத்து நில்லுங்கோ. நிண்ட உடன எடுங்கோ."

"நான் எடுக்கிறதோ?"

"ஏன், உங்களுக்குக் கையில்லையோ? வேறென்ன சொல்லுங்கோ."

என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசிக்கவேண்டி இருக்கவில்லை.

"நாரி சரியான நோ. நேற்று முழுக்கப் படுக்கேலாமல் போச்சு."

"கூரையில நிண்டா நோகாதோ? எண்ணெய் பூசினீங்களே?"

"எண்ணெய் எங்க கிடக்கெண்டு தெரியாது."

"குசினிப் பக்கம் மேல லாச்சி. அதுக்குள்ள துணிப்பை ஒண்டு. துறந்து பாருங்கோ, நான் லைனில நிக்கிறன்."

நான் கதிரையில் இருந்து எழும்பினேன். ஃபோனைக் காதோடு பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து வண்டிப் படியில் ஏறினேன். மேல் வரிசை இழுப்பறைகளில் அந்த லாச்சி எது என்று கேட்டேன். இடது பக்கத்தில் இரண்டாவது என்றாள்.